ஆப்ரிகாட் மரத்துக்கு ஜாமீன்

காலையில் முதல் திட்டு தக்காளி நாற்றுகளுக்குத்தான். சமையலறை ஜன்னலின் உள்விளிம்பில், பழைய தயிர்க் கிண்ணங்களில், வெளிச்சம் வரும் பக்கமே சாய்ந்து நிற்கும் அவற்றைக் கவ்ரில் ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கிறார். "நேத்துதானடா திருப்பி வெச்சேன். ஒரு ராத்திரி நேரா நிக்க முடியல உனக்கு. தெருவுல யாரு போறான்னு எட்டிப் பாக்கணும், அதான?" அடுத்த வரிசை குடமிளகாய். "மொளைக்கவே ஒரு மாசம். பெரிய மகாராஜா." கத்தரி நாற்றுகளை மட்டும் அவர் எதுவும் சொல்வதில்லை. கத்தரி ரோஷக்காரச் செடி, ஒரு சொல் பட்டால் பத்து நாள் வளராது என்பது அவர் கட்சி. அவற்றின் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசாமல் நகர்ந்துவிடுவார்.

என் சமையலறை ஜன்னலும் அவர் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவே இடுப்பளவு மரவேலி. ஒரு காலத்தில் இது ஒரே முற்றம். எங்கள் அப்பா இரண்டு பெண்களுக்குமாகப் பிரித்துக் கொடுத்தார். மூத்தவள் வெதூரியா கவ்ரிலைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இருந்தாள். போன அக்டோபரில் அவள் இறந்துபோனாள். இப்போது அந்தப் பக்கம் அத்தான், இந்தப் பக்கம் நான். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. நான் காபியோடு ஜன்னலோரம் நிற்பேன். அவர் தக்காளியைத் திட்டுவார். அது காதில் விழுந்தால் எனக்குப் பொழுது விடிந்துவிட்டது என்று பொருள்.

கவ்ரிலுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஆள் குள்ளம், தோள் அகலம், மீசை நரைத்தும் புருவம் நரைக்கவில்லை. எங்கள் ஊர் வலேனியிலிருந்து டவுனுக்குப் போய்வரும் பஸ்ஸை ஓட்டுகிறார். மார்ச் தொடங்கி மே முடியும்வரை அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு ஒரு கடமை உண்டு. டவுன் சந்தையில் அவர் வாங்கிய நாற்றுத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். "அம்மா, சும்மாதான உக்காந்திருக்கீங்க, இத ஒரு கை புடிங்க. முட்டைக்கோசு. வளைவு வரும்போது கொஞ்சம் அந்தப் பக்கமா சாய்ஞ்சுக்குங்க." சாலையில் குதிரை லத்தி கிடந்தால் பஸ் நின்றுவிடும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு வாளியும் ஒரு சின்ன மண்வாரியும் எப்போதும் இருக்கும். அவர் இறங்கி அள்ளும்போது பயணிகள் மரியாதைக்காக எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பார்கள். வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று பரபரத்த ஒரு பெண் ஒருமுறை கத்திவிட்டாளாம். "கத்தாத தாயி. உனக்கு வேலை கெடைச்சா ஒரு கூடை தக்காளி," என்றாராம். கிடைத்தது. ஆகஸ்டில் கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கிண்ணங்களில் பெயர் எழுதி வைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. மூஞ்சியைப் பார்த்தால் தெரியாதா என்பார். தெரியாது. ஒவ்வொரு கோடையிலும், அரிசியும் இறைச்சியும் அடைத்து வேகவைத்த குடமிளகாய்களில் ஒன்று தீயாக எரியும். அது தவறாமல் அவர் தட்டில்தான் விழும். அக்கா பார்த்துத்தான் வைத்தாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்தத் தோட்டத்தில் இரண்டு நாடுகள். தெருவைப் பார்த்த பகுதி அக்காவுடையது. டியூலிப், ஐரிஸ், பியோனி, திருநீற்றுப்பச்சை, பெயர் தெரியாமல் தானே முளைத்துத் தானே படரும் நீலப் பூக்கொடி. கிணற்றுக்கு அந்தப் பக்கம் எல்லாம் அவருடையது. வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, பட்டாணி, சூப்புக்குப் போடும் தழைகள். நடுவில் சாய்த்துப் புதைத்த செங்கல் வரிசை. அந்தச் செங்கலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவர் வருடா வருடம் சொல்வார்: "தின்ன முடியாததுக்கு எதுக்கு இவ்ளோ எடம்? அடுத்த வருஷம் இதெல்லாம் உருளைக்கிழங்குதான்." அக்கா தலை நிமிராமலே, "நடுங்க. அப்புறம் என் பேர்ல வர்ற திருநாளைக்கு உருளைக்கிழங்க ஜாடியில சொருகிக் குடுங்க," என்பாள். அவர் மிரட்டுவார், அவள் பதில் சொல்வாள், ஒன்றும் நடக்காது. மற்றவர்கள் கொஞ்சிக்கொள்வதுபோல அவர்களுக்கு இது.

அந்த மிரட்டல்களில் மூத்தது ஆப்ரிகாட் மரத்தின்மேல். செங்கல் வரிசை முடியும் இடத்தில், எங்கள் வேலியை ஒட்டி, இரண்டு நாட்டுக்கும் பொதுவாக அது நிற்கிறது. கவ்ரில் புதிதாக பஸ் ஓட்ட வந்த காலத்தில் அக்கா தையல் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் ஆப்ரிகாட் தின்றுகொண்டே வந்தவள் கொட்டையைக் காலடியில் போட்டிருக்கிறாள். கண்ணாடியில் பார்த்துவிட்ட டிரைவர், "இது என்ன உங்கப்பன் தோட்டமா? பொறுக்கு. இல்லாட்டி எறங்கு," என்று அதட்டியிருக்கிறார். அவள் பொறுக்கிப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்பன் தோட்டத்திலேயே ஊன்றினாள். மரம் வந்தது, மாப்பிள்ளையும் வந்தார், காய் மட்டும் வரவில்லை.

அது அவசரக்கார மரம். மற்றவை இன்னும் கண் விழிக்காதபோது பூத்துவிடும். பிறகு ஒரு விடியலில் உறைபனி விழும். மத்தியானத்துக்குள் பூவெல்லாம் தேநீர்ச் சக்கையின் நிறத்துக்கு வந்துவிடும். ஒரே ஒரு வருடம் கொஞ்சம் காய்த்தது. பழுப்பதற்குள் பறவைகள் வந்து முடித்துவிட்டன. காய்க்காவிட்டாலும் நிழல் மட்டும் தாராளம். அது நேராகக் குடமிளகாய்ப் பாத்தியின்மேல் விழுகிறது. கவ்ரிலின் வழக்கு அதுதான்.

மார்ச் மாதம், தேவதூதன் மாதாவுக்குச் சேதி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாளன்று, காய்க்காத மரத்தைக் கோடரி காட்டி மிரட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மிரட்ட ஒருவர் வேண்டும், மரத்துக்கு ஜாமீன் நிற்க ஒருவர் வேண்டும். கேள்வி மூன்று முறை, பதில் மூன்று முறை. கவ்ரில் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தின் முன் போய் நிற்பார். "வெட்டட்டுமா இத?" அன்று ஈஸ்டர் நோன்பில் மீன் தின்ன அனுமதி உண்டு என்பதால் அக்கா சமையலறையில் மீனை மாவில் புரட்டிக்கொண்டிருப்பாள். உள்ளேயிருந்தே, "வேணாம். காய்க்கும்," என்பாள். "வெட்டட்டுமா?" "வேணாம்னு சொல்றேன்ல." இப்போது படிக்கட்டுக்கு வந்திருப்பாள். "வெட்டட்டுமாங்கறேன்." மூன்றாவதுக்கு அவள் மாவுக் கையோடு வந்து மரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பாள். "விடுங்க. சின்னது. இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம். நான் ஜாமீன்." அவர் முனகிக்கொண்டே கோடரியைக் கொட்டகையில் மாட்டிவிட்டு மீன் தின்னப் போவார். அடிமரத்தில் மாவுக்கைத் தடம் அடுத்த மழைவரை இருக்கும்.

இந்த வருடம் மார்ச் பிறந்ததிலிருந்தே அவர் பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டிவிடப் போகிறேன், குடமிளகாய்க்கு வெயில் வேண்டும், ஒற்றை ஆளுக்கு நிழல் எதற்கு. அதில் பழைய விளையாட்டு இல்லை. வறட்டுக் குரல். எனக்கு அந்த மரம் வேண்டும். ஆனால் அது அவர் முற்றம், அவர் மரம். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவள் என்ன சொல்ல முடியும்?

திருநாளன்று வெயில் மெல்லிசாக இருந்தது. மொட்டுகள் சிவந்து, வெடிப்பதா வேண்டாமா என்று நின்றன. தூரத்துத் தோப்பில் குயில் கூவியது. கவ்ரில் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கோடரியை எடுத்துக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் நின்றார். "வெட்டட்டுமா இத?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பழக்கம் அவரைக் கோடரியோடு அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. பதில் சொல்ல ஆள் இல்லை என்பது நின்ற பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். பாதியில் போகவும் முடியாது. இரண்டாவது முறையும் கேட்டார். என் வாணலியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் வேலிக்கு இப்பால் நின்று கேட்டவை. நாக்குவரை வந்தன. நான் சொல்லிவிட்டால், அவற்றைச் சொல்லும் இடம் காலியாகிவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். மூன்றாவது முறை அவர் மரத்தைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவுப் பக்கம் பாதி திரும்பி, குரல் இறங்கி, "வெட்டட்டுமா?" என்றார்.

எதிர்வீட்டுத் தோம்னிகாவுக்குக் காது கூர்மை. கோழிக்குத் தீனி போட்ட கையோடு தெருவைத் தாண்டி வந்து கேட்டில் சாய்ந்தாள். "அண்ணே, நான் வேணா ஜாமீன் நிக்கட்டுமா?"

"உன் ஜாமீன உன் கோழிகூட நம்பாது. போய் வேலையப் பாரு."

"முப்பது வருஷமா வெட்டறேன் வெட்டறேங்கறீங்க. கோடரிக்கே வெக்கமா இருக்கும்."

"இந்தத் தடவ பாரு."

ஆனால் வெட்டவில்லை. கொட்டகைக்கும் கொண்டுபோகவில்லை. மரத்தின் முன் ஓங்கிய கோடரி, பதில் கிடைக்காமல் கூரைக்குள் போகக் கூடாது என்று அவர் அப்பா சொல்லியிருக்கிறாராம். அடிமரத்தில் அதைச் சாய்த்து வைத்தார். "இங்கயே கெட. செர்ரிப் பழம் முடியறதுக்குள்ள ஒண்ணு பதில் வரணும், இல்ல காய் வரணும். ரெண்டும் இல்லேன்னா நீ இருக்க, நான் இருக்கேன்." மரத்திடம் சொன்னாரா கோடரியிடமா என்று தெரியவில்லை. தோம்னிகா என் ஜன்னலைப் பார்த்தாள். நான் வாணலியைப் பார்த்தேன்.

நாலைந்து நாளில் மரம் பூத்தது. இலையே இல்லாமல் வெறும் வெண்மை. அந்தப் பக்கமிருந்து தேனீக்களின் சத்தம், தூக்கத்தில் யாரோ பேசுவதுபோல, நாள் முழுக்க வந்துகொண்டிருந்தது. கோடரி அதன் கீழே நின்றது. அதன் வெட்டுமுனையில் இதழ்கள் ஒட்டிக்கொண்டன. அப்புறம் ஒரு சாயங்காலம் காற்று நின்று வானம் கண்ணாடிபோல் துலங்கியது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, விடியலில் உறைபனி.

நான் எழுந்தபோது முற்றம் முழுக்கப் புகை. ஈர வைக்கோலையும் போன வருட இலைகளையும் மரத்தைச் சுற்றிக் குவித்துக் கவ்ரில் கொளுத்தியிருந்தார். பஸ் யூனிபாரத்தின்மேல் ஒரு கம்பளி. பனியும் புகையும் கலந்து, தரைக்கு மேல் ஒரு தரை மிதந்தது. அவர் அதற்குள் இடுப்புவரை மூழ்கி நடந்துகொண்டிருந்தார். வேலியோரம் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"முள்ளங்கிக்கு," என்றார்.

முள்ளங்கிப் பாத்தி கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. என் பங்குக்கு இருந்த வைக்கோலை வேலிக்கு மேலாகக் கொடுத்தேன். அன்று பஸ் தாமதம். புகை நாற்றம் பிடித்த டிரைவரைப் பார்த்து யாரோ, "என்ன கவ்ரில், வீடு பத்திக்கிச்சா?" என்று கேட்டார்களாம். "முள்ளங்கி வாட்டினேன்," என்றாராம்.

புகை எவ்வளவு காப்பாற்றியது என்று அப்போது சொல்ல முடியவில்லை. பூ கொட்டியது. உதிர்ந்த இதழ்கள் வேலி இடுக்கில் என் பக்கமும் வந்து கிடந்தன. அவற்றைப் பெருக்க மனம் வரவில்லை.

ஈஸ்டருக்கு முன்பு மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பது உண்டு. கவ்ரில் பிளம், செர்ரி, வால்நட் என்று வரிசையாக இடுப்பளவு வெள்ளையடித்துக்கொண்டே வந்தார். ஆப்ரிகாட்டுக்கு வந்ததும் கோடரியை எடுக்காமல் அதைச் சுற்றியே அடித்தார். சுண்ணாம்பு மட்டை கோடரிக் கைப்பிடியில் பட்டது. ஒரு பக்கம் பட்டுவிட்டதே என்று மறுபக்கமும் பூசினார். இரும்பை மட்டும் விட்டுவிட்டு முழுக் காம்பும் வெள்ளையாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தின் பக்கத்தில் யாரோ ஒரு கன்று ஊன்றியிருப்பதுபோல இருந்தது.

உருளைக்கிழங்கு நடும் நாளில் கூடையோடு செங்கல் வரிசையில் வந்து நின்றார். அந்தப் பக்கம் டியூலிப் மொட்டுகள் பச்சை மூக்கோடு நெருக்கமாக நின்றன. யாரும் நடாமல், யாரும் கேட்காமல், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் கூட்டம். அவர் மண்வெட்டியை ஊன்றினார். கொஞ்ச நேரம் அதன்மேல் சாய்ந்திருந்தார். "நீங்க மொதல்ல முடிங்க. நான் அப்புறம் வரேன்," என்றார் மொட்டுகளிடம். பிறகு கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் உருளைக்கிழங்கை வெள்ளரிக்கு வைத்திருந்த இடத்தில் நெருக்கி நட்டார். வெள்ளரி இந்த வருடம் எருக்குழி மேட்டில் படர்கிறது.

அவர் செய்த தவறு மே மாதம் முளைத்தது. அக்டோபரில் அக்கா கடைசியாகத் தோண்டி எடுத்தவை கிளாடியோலஸ் பூச்செடியின் கிழங்குகள். அவற்றைக் காயவைத்து, நிலவறையில் விதை வெங்காயத்துக்குப் பக்கத்திலேயே வலைப்பையில் மாட்டியிருந்தாள். பூ நாட்டுச் சமாச்சாரம் எதுவும் தெரியாத கவ்ரில், இரண்டு பையையும் எடுத்து ஒரே வரிசையில் ஊன்றிவிட்டார். வெங்காயத் தாள்களுக்கு நடுவே தட்டையாக, கூராக, விறைப்பாகச் சில நின்றன. வேலிக்கு வெளியிலிருந்து தோம்னிகாதான் முதலில் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வெங்காயம் வாளோட வந்திருக்கு."

"உசந்த ரகம்."

"சூப்புல போட்டா வாய அறுத்துரும் அந்த ரகம். அது எங்க வெதூரியாக்கா பூவு. ஜூலையில வெங்காயப் பாத்தியில செவப்புக் கொடி ஏத்திட்டு நிக்கும், ஊரே பாக்க வரும்."

அவர் குனிந்து ஒரு இலையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "வெங்காயம்னு நட்டாச்சு. வெங்காயமாவே இருந்துட்டுப் போகட்டும்," என்றார். அன்றிலிருந்து காலைத் திட்டில் வெங்காயமும் சேர்ந்தது. "நேரா நில்லு. நீ பெரிய ராணி." அந்த வரிசையில் யாருக்கு என்ன பெயர் என்பதை அவர் மறுபடி பேசவில்லை. ஆனால் மண் அணைக்கும்போது வாள்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக அணைத்தார்.

பியோனி வெடிக்கும் வாரத்தில் ஒரு காலை வேலியோரம் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"சவேதா."

"சொல்லுங்க அத்தான்."

"உங்கிட்ட பழசு... அது இருக்குமா? கால்ல போடறது. நைலான்."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"தக்காளி கட்டத்தான். கயிறு தண்ட அறுக்குது. அதுதான் இழுத்தா இழுபடும்," என்று அவசரமாகச் சொன்னார்.

அக்கா இருந்தவரை ஒவ்வொரு மே மாதமும் அவளுடைய பழைய காலுறைகளைப் பட்டை பட்டையாக வெட்டித் தக்காளியைக் கழியோடு கட்டுவார்கள். அவளுடைய இழுப்பறை இன்னும் நிறைந்துதான் இருக்கிறது. அதைத் திறந்து ஒன்றை எடுத்துக் கத்தரிக்கோலை வைக்க அவருக்கு முடியவில்லை என்று தெரிந்தது. நான் உள்ளே போய் மூன்று ஜோடி எடுத்துவந்து கொடுத்தேன். அதில் ஒன்று புதியது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் தக்காளிகள் எல்லாம் என் பழுப்புக் காலுறைகளை முடிச்சாகக் கட்டிக்கொண்டு நின்றன. "இப்ப எட்டிப் பாருடா பாக்கலாம்," என்ற குரல் கேட்டது.

அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐரிஸ் முடிந்து பியோனி, பியோனி முடிந்து ரோஜா. காலையில் பார்த்த பட்டாணிக்கொடி மாலையில் இன்னொரு உயரத்தில் இருக்கும். மழை பெய்துவிட்டுப் போனால் இரண்டு நாட்டின் மணமும் கலந்து வரும், வெங்காயமும் ரோஜாவும், சூப்புத் தழையும் திருநீற்றுப்பச்சையும். எதையும் நாங்கள் நகர்த்தியதாக எனக்குத் தோன்றவில்லை. தோட்டம்தான் எங்களை மார்ச்சிலிருந்து ஜூனுக்கு, தூங்குகிறவர்களைப் படகில் வைத்துக் கடத்துவதுபோல, கொண்டுவந்து சேர்த்தது.

இதற்கிடையில் ஆப்ரிகாட்டின் அடியில் ஒரு காரியம் நடந்துவிட்டது. அக்காவின் நீலப் பூக்கொடி வழக்கம்போல நினைத்த இடத்திலெல்லாம் முளைத்தது. அது விடியலில் விரிந்து மத்தியானத்தில் சுருட்டிக்கொள்ளும். "வேலை வெட்டி இல்லாத கொடி," என்று கவ்ரில் கண்ட இடத்தில் பிடுங்கி எறிவார். இந்த முறை ஒன்று கோடரியின் காலடியில் முளைத்திருந்தது. இரண்டு இலையோடு தடவித் தடவித் தேடியது. வெள்ளைக் காம்பைப் பிடித்துக்கொண்டது. அவர் கிணற்றுக்குப் போகும் வழியில் தினமும் அதைத் தாண்டினார். பிடுங்கக் கை நீட்டியதை ஒருமுறை நான் பார்த்தேன். கையை மீசைக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஜூனில் முன்னோர் சனிக்கிழமை வந்தது. இறந்தவர்கள் பெயரில் அண்டை அயலாருக்கு மண்குவளை கொடுக்கும் நாள். குவளை நிறையத் தண்ணீர், கைப்பிடியில் செர்ரிக் கொத்தும் தோட்டத்துப் பூவும். அக்கா எங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கொடுப்பாள். இந்த வருடம் கவ்ரில் அக்காவுக்குக் கொடுத்தார். ரோஜாவை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் காலுறைத் துண்டால் கட்டியிருந்தார். வேலிக்கு மேலாக எனக்கு ஒன்று, தோம்னிகாவுக்கு ஒன்று. "வெதூரியாவுக்கு," என்றார். "ஆண்டவன் அவகிட்ட சேக்கட்டும்," என்று நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

தோம்னிகா கைப்பிடியிலிருந்து செர்ரியைப் பறித்துத் தின்றபடி ஆப்ரிகாட்டின் கீழே போய் நின்றாள். அண்ணாந்து ஒரு சுற்று சுற்றினாள். செர்ரி முடியப்போகிறது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"ஒண்ணுகூட இல்லண்ணே."

கவ்ரில் அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார்.

"புகை போட்டீங்க, வெள்ளையடிச்சீங்க. அது வாங்கித் தின்னுட்டு இலையா விட்டிருக்கு. வெட்டிருங்க. பாதி வெறகு எனக்குக் குடுங்க, பிளம் வாட்ட நல்லா இருக்கும்."

"இருக்கு. மேல இருக்கு. உன் கண்ணுக்குத் தெரியாது."

"என் கண்ணுக்குப் பருந்து மூணு ஊருக்கு அப்பால தெரியும். காயில்ல. குடமிளகாயப் பாருங்க, வெளிறிப்போய் நிக்குது. வெட்டுங்கறேன்."

"வேணாம்."

"அட, நீங்கதான வெட்டறேன்னீங்க?"

"விடு தோம்னிகா. சின்னது." அவர் கை மரத்தின்மேல் போயிருந்தது. "இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. தோம்னிகா செர்ரிக் கொட்டையைத் துப்பப் போனவள் துப்பாமல் வாயில் அடக்கிக்கொண்டாள். நான் குவளையைக் கீழே வைத்தேன். "நான் ஜாமீன்," என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் திரும்பவில்லை. தலையை மட்டும் ஒருமுறை ஆட்டினார். தோம்னிகா, "சரி, எனக்கு வெறகு போச்சு," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

பதில் கிடைத்துவிட்டது. கோடரி இனிக் கொட்டகைக்குப் போகலாம். ஆனால் போகவில்லை. மறுவாரம் குளிர்காலத்துக்கான விறகு வண்டி வந்து அவர் வாசலில் கொட்டிவிட்டுப் போனது. அடுத்த நாள் விடியலில் தக்காளியைத் திட்டி முடித்துவிட்டு வேலியோரம் வந்தார்.

"சவேதா, உன் கோடரிய ஒரு ரெண்டு நாளைக்குக் குடு."

"உங்களோடது என்னாச்சு அத்தான்?"

"அது வேலையா இருக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் காம்பு முழுக்கக் கொடி சுற்றி ஏறியிருந்தது. இரும்பு இலைக்குள் மறைந்துவிட்டது. அன்றுதான் அதன் முதல் பூ விரிந்திருந்தது, விளிம்பில் ஈரத்தோடு, நீலமாக.

என் கோடரியை எடுத்துவந்து வேலிக்கு மேலாகக் கொடுத்தேன். அவர் அதன் வெட்டுமுனையைக் கட்டைவிரலால் சோதித்தார். "மழுங்கிப்போச்சு. இத வெச்சு வெண்ணெய்தான் வெட்டலாம்," என்றார். பிறகு விறகுக் குவியலைப் பார்த்து நடந்தார். ஆப்ரிகாட்டை நெருங்கும்போது நடை கொஞ்சம் மெதுவாயிற்று. கோடரியை மறுகைக்கு மாற்றி, மரத்தின் கண்ணில் படாதபடி உடம்போடு ஒட்டி மறைத்துப் பிடித்துக்கொண்டு, அதைத் தாண்டிப் போனார்.